பட்டாளத்துப் பேப்பரும் கார்டியன் பத்திரமும் - 4 வருஷ அனுபவம்

எங்க ஐயா (அப்பாவோட அப்பா) எந்த வருஷம் பொறந்தாருன்னு வீட்டுல ரொம்ப நாளா வாக்குவாதம். பட்டாளத்துல சேர்ந்தப்ப வயசு 19னு டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் சொல்லுது, அதுக்கு அடுத்த வருஷம் எழுதுன கிரையப் பத்திரத்துல "மைனர், கார்டியன் (பாதுகாவலர்) தாய்மாமன்"னு இருக்கு. பட்டாளத்துலதான் வயச கூட்டிச் சொல்லிட்டாருன்னு அப்பா, இல்ல சொத்த விக்கிறதுக்காக பத்திரத்துல குறைச்சுட்டாங்கன்னு சித்தப்பா. ரெண்டாங்கட்டு டிரங்குப் பெட்டில கிடந்தத எல்லாம் எடுத்து 4 வருஷமா படிச்சதுல தெரிஞ்சத சொல்றேன், காரைக்குடி தேவகோட்டை பக்கம் நிறைய வீட்டுல இந்த மாதிரி பேப்பர் கிடக்கும்.

ரெண்டு பேப்பருமே சரிதான். 1875 மெஜாரிட்டி சட்டத்துல 18 முடிஞ்சா மேஜர், ஆனா கோர்ட்டு கார்டியன் போட்டிருந்தா 21 முடியுற வரைக்கும் மைனர், இத 1999லதான் எடுத்தாங்க. அதனால 20 வயசு சிப்பாய் ஊர்ப் பத்திரத்துல மைனராவே இருந்திருக்காரு. இன்னொண்ணு, கார்டியன்னு பார்த்ததும் அனாதைன்னு முடிவு பண்ணிடாதீங்க, ஐயாவோட ஆத்தா அப்ப உயிரோடதான் இருந்தாங்க, சொத்துக்கு மட்டும் மாமன கார்டியனா போட்டிருக்காங்க.

தேதியும் நம்மள கவுத்துடும். "யுவ ௵"னு (௵ன்னா வருஷம்) மட்டும் இருந்தா அது 1935ஆவும் இருக்கலாம் 1875ஆவும் இருக்கலாம், 60 வருஷத்துக்கு ஒரு தடவ அதே பேர்தானே திரும்ப வரும். முத்திரைத்தாள்ல ராணி தலையா ராஜா தலையான்னு பார்த்துத்தான் நான் பிரிச்சேன்.

பட்டாளத்து விஷயத்துல, ரெண்டாம் உலகப்போருக்குக் குடுத்த பர்மா ஸ்டார் மெடல் இருக்குறதால பர்மாவுக்குள்ள போனாருன்னு சொல்ல முடியாது, வங்காளம் அஸ்ஸாம்ல குறிப்பிட்ட காலத்துல இருந்தவங்களுக்கும் குடுத்திருக்காங்க. நம்ம ஆளுங்களுக்குக் குடுத்த மெடல்ல நம்பரும் பேரும் பொறிச்சிருக்கலாம், லென்ஸ் வச்சுப் பாருங்க. போரில இறந்தவங்கன்னா காமன்வெல்த் வார் கிரேவ்ஸ் கமிஷன் சைட்ல காசில்லாம தேடலாம், 1939 செப்டம்பர்லேர்ந்து 1947 முடிய உள்ள பேரு இருக்கு, முதல் உலகப்போர் தனியா. அங்க சிவகங்கைன்னு தேடுனா நம்ம ஊரு சிக்காது, அந்த மாவட்டம் வந்ததே 1985ல, ராம்நாட்னு (ராமநாதபுரம்) போடணும். புதுக்கோட்டை சமஸ்தானத்து ஊருன்னா ராம்நாட்லயும் வராது. பேரோட எழுத்து எப்படி வேணா இருக்கும், அதனால ஊரு பேர வச்சும் தேடுங்க. நான் காசு கட்டி ஒரு வம்சாவளி சைட்டும் 2 வருஷம் வச்சிருந்தேன், நம்ம இனிஷியல அது குடும்பப் பேரா எடுத்துக்கிட்டு யாரு யாரையோ சொந்தம்னு காட்டுச்சு, விட்டுட்டேன்.

எனக்கு ரொம்ப உதவுனது கார்டியன் ஓ.பி. மனுதான், அதாவது கார்டியன் போடச் சொல்லி கோர்ட்டுல குடுக்குற மனு (ஒரிஜினல் பெட்டிஷன்). கோர்ட்டு போட்ட கார்டியன் மைனர் நிலத்த விக்கணும்னா கோர்ட்டு அனுமதி வேணும்ங்குறதால கிரையப் பத்திரத்துலயே ஓ.பி. நம்பர் எழுதியிருந்தாங்க. எங்களதுல மடிப்புல ஓட்டை விழுந்து ஒரு எண்ணு போயிடுச்சு, அதனால நகல் வாங்க 7 மாசம் அலைஞ்சேன். ஆனா 1890 கார்டியன் சட்டப்படி அந்த மனுவுல மைனரோட பொறந்த தேதி, சொத்து, கிட்டத்து சொந்தக்காரங்க எங்க இருக்காங்கன்னு எல்லாம் எழுதணும். பொறந்த தேதி டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் வயசோட அப்படியே ஒத்துப்போச்சு.

சொந்தக்காரங்க லிஸ்ட்டுல கடைசியா ஐயாவுக்கு ஒரு தங்கச்சி, வயசு 4. அப்படி ஒருத்தி இருந்ததே எங்க யாருக்கும் தெரியாது. எங்க வீட்டுல செத்துப்போனவங்களுக்குப் படைக்கிற துணிமணிய ஒரு பேழையில வச்சிருப்போம். அயித்தைக்கிட்ட அந்த லிஸ்ட்ட வாசிச்சுக் காட்டுனேன், கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "படைப்புப் பேழையில ஒரு சின்னச் சித்தாடை எப்பவும் மாத்தி வைப்போமேப்பா, அது இவளுக்கா"ன்னு கேட்டாங்க.