கத்தரியா, மெஷினா? டஃப்டிங் விரிப்பின் முகம் வெட்ட எது சரி

எங்கள் வீடு பவானி. ஜமக்காளம் நெய்கிற குடும்பம். 2005-06-இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்த ஜமக்காளத்தில் பாவும் ஊடும் இறுகிப் படுத்திருக்கும், இழை எதுவும் மேலே எழுந்து நிற்காது. தறியிலிருந்து இறக்கி ஓரத்து நூலை முடிந்துவிட்டால் வேலை தீர்ந்தது. அதனால் டஃப்டிங் கன், அதாவது துணியில் நூலைக் குத்தி இழை எழுப்பும் கைமெஷின் வாங்கி, பூப்போட்ட விரிப்பு செய்ய ஆரம்பித்தபோது, முகம் வெட்டுவதை, அதாவது மேல்பக்கத்து இழைகளை ஒரே மட்டமாக நறுக்குவதைப் பற்றி வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. கன் நூலைக் குத்தி வெட்டிக்கொண்டே போகும். ஆனால் இழைகள் ஒரே உயரத்தில் நிற்காது. பின்பக்கம் லேட்டக்ஸ் என்ற ரப்பர் பசை பூசி நன்றாகக் காய்ந்தபின் மேலே நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிச் சமன் செய்தால்தான் படம் தெளியும்.

இதற்கு மூன்று வழி உண்டு. ஒன்று, அடிப்பக்கம் அகலமாகத் தட்டையாக இருக்கும் வாத்துமூக்குக் கத்தரி. இரண்டு, முடிவெட்டுகிற சார்ஜ் டிரிம்மர். மூன்று, செம்மறிக்கு உரோமம் வெட்டும் மின்சார மெஷினில் உயரம் பிடிக்கும் தகடு மாட்டியது. மூன்றையும் வாங்கிப் பயன்படுத்திவிட்டு இப்போது மெஷினோடு நிற்கிறேன்.

சார்ஜ் டிரிம்மரை முதலிலேயே தள்ளிவிடலாம். அடர்ந்த இழைக்குள் போனதும் மோட்டார் திணறுகிறது, பல்லிடுக்கில் பஞ்சு அடைத்துக்கொள்கிறது. நான் வாங்கியதற்கு மாற்று பிளேடு தனியாகக் கிடைக்கவே இல்லை. பிளேடு மழுங்கியதும் மொத்தமாக ஓரம் வைக்க வேண்டியதாயிற்று.

கத்தரி நல்ல பொருள். விலை குறைவு, கரண்ட் வேண்டாம், சைக்கிளில் வருகிற சாணைக்காரரிடம் கொடுத்தால் பத்து நிமிடத்தில் கூராகிவிடும். இரண்டு நிறம் சேரும் கோட்டில் சரிவாக வெட்டிப் பூவைத் தூக்கிக் காட்டுவதற்கு இன்றைக்கும் கத்தரியைத்தான் எடுக்கிறேன். ஆனால் மூன்றடிக்கு ஐந்தடி விரிப்பு முழுக்க அதால் சமன் செய்வது வேறு கதை. இரண்டு நாள் ஆகும், கட்டைவிரல் மூட்டு வீங்கும், அவ்வளவு பாடுபட்டும் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அலை அலையாகத் தெரியும்.

மெஷின் விலை கத்தரியைப்போல் பத்து மடங்குக்கு மேல். எடையும் ஒன்றரைக் கிலோ அளவு இருக்கும், இரண்டு கையும் வேண்டும். நம் பக்கத்து மேச்சேரி ஆட்டுக்கு உரோமம் வெட்டும் வேலையே இல்லாததால் இந்த மெஷினைப் பார்த்துப் பழகியவர்களும் இங்கே குறைவு. அப்படியிருந்தும் இதைச் சொல்வதற்குக் காரணம் அந்தத் தகடு. அது இழையின் மேல் தவழ்ந்து போகும்போது பிளேடு எப்போதும் ஒரே உயரத்தில் நிற்கிறது. தகட்டின் உயரம் வைக்க நான் கண்ணை நம்புவதில்லை. 12 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டை மேசையில் வைத்து, பிளேடு அதைத் தொடும்படி தகட்டின் திருகுகளை இறுக்குவேன். முதல் ஓட்டத்துக்கு உயரமாக, அடுத்ததற்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இறக்கி. ஒரே மூச்சில் ஆழமாக வெட்டினால் குழி விழும், அதைத் திருத்த விரிப்பு முழுவதிலும் இழை உயரத்தைக் குறைக்க வேண்டிவரும். இழை சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராக ஒரு ஓட்டம், வேக்குவம் போட்டுப் பஞ்சை எடுத்தபின் குறுக்கே ஒரு ஓட்டம்.

சரி, வாங்குவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது இதெல்லாம் இல்லை, பிளேடு பராமரிப்புதான். கீழே அசையாத சீப்பு பிளேடு, மேலே பக்கவாட்டில் ஓடும் வெட்டு பிளேடு, இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டித் தேய்வதில்தான் வெட்டு இருக்கிறது. அந்த அழுத்தத்தைத் தருவது தலையில் இருக்கும் டென்ஷன் திருகு. அது தளர்வாக இருந்தால் நூல் இரண்டு பிளேடுக்கும் நடுவில் நுழைந்து மடங்கும், வெட்டாமல் மெல்லும். அப்போது மழுங்கிவிட்டது என்று நினைத்து மேலும் மேலும் இறுக்கினேன். பிளேடு கை வைக்க முடியாத சூடாகி, அக்ரிலிக் நூலின் நுனிகள் இளகிச் சின்னச் சின்ன உருண்டைகளாக ஒட்டிக்கொண்டன. ஒரு ஆர்டர் விரிப்பு அப்படித்தான் போயிற்று, மனசு மிகவும் கஷ்டப்பட்டது.

இப்போது செய்வது இது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிளேடு மாட்டுவேன். மேல் பிளேடின் முனை சீப்புப் பல்லின் நுனியைத் தாண்டாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே நிற்கிறதா என்று பார்ப்பேன். திருகைக் கையில் லேசாகத் தடை தட்டுகிறவரை மட்டும் திருப்பி, மெஷினை ஓட்டிக் கழிவு விரிப்பில் வெட்டிப் பார்ப்பேன். வெட்டவில்லை என்றால் கால் சுற்று, அதற்கு மேல் ஒரேயடியாகப் போவதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தையல் மெஷின் எண்ணெய் சில சொட்டு விட்டு, மறுபடி கழிவுத் துணியில் ஓட்டித் துடைத்தபின்தான் நல்ல விரிப்பில் வைப்பேன். வெளிர் நூலில் எண்ணெய்க் கறை பட்டால் எளிதில் போகாது. காற்று போகும் ஓட்டையில் அடைந்த பஞ்சையும் அப்போதே பிரஷால் தட்டிவிடுவேன்.

சாணை விஷயத்தில் மெஷின் கத்தரியிடம் தோற்கிறது. எங்கள் தெருவுக்கு வரும் சாணைக்காரர் சீப்பு பிளேடைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நம்ம சக்கரத்துக்கு ஆகாதுங்கம்மிணி, முகம் பூரா ஒரே மட்டமா தேயோணும்" என்று திருப்பிக் கொடுத்தார். நேர்மையான மனிதர். வாங்கி வைத்துக் கெடுத்திருக்கலாம், செய்யவில்லை. தடித்த கண்ணாடிமேல் நீர் எமரித் தாளைப் போட்டு, இரண்டு பிளேடின் முகத்தையும் நானே தேய்க்கிறேன். சின்ன மழுக்கத்துக்கு இது போதும், நன்றாகத் தேய்ந்துபோனதற்குப் போதாது. ஆகவே மெஷின் வாங்கும் அன்றே இன்னொரு ஜோடி பிளேடும் வாங்கிவிடுங்கள். கடைக்காரரிடம் பிளேடு தனியாக வருமா என்று கேட்டு, கையில் வாங்கிப் பார்த்தபிறகு மெஷினுக்குப் பணம் கொடுங்கள்.

நான் வெட்டுவது பெரும்பாலும் பருத்தியும் அக்ரிலிக்கும். கம்பளி நூலில் இரண்டே விரிப்புதான் செய்திருக்கிறேன், இரண்டும் சுத்தமாக வெட்டின. அதை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். மாதம் ஒன்றிரண்டு சின்ன விரிப்பு, கால்மிதி அளவு மட்டும் செய்கிறவர்களுக்குக் கத்தரியே போதும். அதற்கு மேல் போகிறவர்கள் மெஷினுக்கு வரலாம். முதல் வாரம் மட்டும் ஆர்டர் எதையும் தொடாமல், வீணாய்ப்போன ஒரு விரிப்பை வைத்துக்கொண்டு அந்த டென்ஷன் திருகைத் திருகிப் பழகுங்கள். தளர்ந்தால் வருகிற கடகடப்பும், இறுகினால் மோட்டார் அடங்கிப் போகிற சத்தமும் காதுக்குப் பிடிபட எனக்கு நான்கு நாள் ஆயிற்று.