சர்வீஸ் விக்கியில் ஏழு வருடம்

கோவை கணபதியில் இருக்கும் எங்கள் பம்ப் சர்வீஸ் பட்டறையில் 2018-இல் மீடியாவிக்கி நிறுவினோம். விக்கிப்பீடியா ஓடும் அதே மென்பொருள்தான், காசு இல்லாமல் கிடைப்பது. பலரும் எழுதலாம், பலரும் திருத்தலாம், அதுதான் விக்கி. மூத்த மெக்கானிக்குகளின் தலையில் மட்டும் இருக்கும் விஷயங்களை எழுத்தில் கொண்டுவர வேண்டும் என்பதே நோக்கம். எந்த மோட்டாருக்கு எந்த கண்டென்சர், எத்தனை அடிக்கு எந்த கேபிள், மோட்டாரின் கம்பிச் சுற்றில் (வைண்டிங்) மெகர் (இன்சுலேஷன் பார்க்கும் மீட்டர்) வைத்தால் என்ன காட்ட வேண்டும், இப்படி. இன்று இருபது பேருக்கு மேல் எழுதுகிறார்கள், பாதிப் பேர் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணற்றின் (போர்) பக்கத்தில் நின்றுகொண்டு போனிலேயே.

மென்பொருளைப் பற்றிப் பெரிய குறை இல்லை. கஷ்டமெல்லாம் ஒருவர் எழுதியதில் இன்னொருவர் கை வைக்கும்போதுதான் வரும். அதில் நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்லவே இந்தப் பதிவு.

இரண்டாம் வருடம் நடந்தது இது. காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்தில் 650 அடி போரில் 5 எச்.பி. மோட்டார் இறக்கினோம். ஒரே வாரத்தில் தோட்டத்துக்காரர் கூப்பிட்டார். சாயங்காலம் ஆனால் மோட்டார் சூடாகி டிரிப் ஆகிறது என்றார். போய்ப் பார்த்தால் இறக்கியிருந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிள். அவ்வளவு ஆழத்துக்கு அது மெலிசு. வழியிலேயே இருபத்தைந்து வோல்ட் போல விழுந்துவிடும். சாயங்காலம் லைனே குறைவாக வரும்போது மோட்டார் கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடாகும். பைப்போடு மொத்தத்தையும் மேலே தூக்கி, 4 சதுர மில்லிமீட்டர் கேபிள் மாற்றி, மறுபடி இறக்கினோம். ஒரு நாள் முழுக்கப் போனது. தோட்டத்துக்காரருக்கு அந்த வாரத் தண்ணீர் போனது.

மோட்டாரை இறக்கிய பிட்டர் விக்கியைப் பார்த்துத்தான் கேபிள் எடுத்திருக்கிறார். அட்டவணையில் 2.5 என்றே இருந்தது. யார் எப்போது என்ன மாற்றினார் என்று காட்டும் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தேன். 4 என்று இருந்ததை, சேர்ந்து ஆறு மாதம் ஆன ஒரு பையன் மாற்றியிருக்கிறான். சின்னத் திருத்தம் என்று குறிக்கும் ‘சிறு தொகுப்பு’ கட்டத்தில் டிக் இருந்தது. ஏன் மாற்றினோம் என்று எழுதும் தொகுப்புச் சுருக்கம் காலி.

கோபம் வந்தது உண்மை. நல்லவேளையாக, மீளமைக்கும் (பழையபடி திருப்பிவைக்கும்) முன் அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“200 அடிக்கு எதுக்குங்கண்ணா நாலு? தெண்டமில்லீங்களா? அதான் மாத்தினேன்” என்றான்.

அட்டவணையை மறுபடி பார்த்தேன். ஆழம் என்று தலைப்பு, கீழே 200. அடியா மீட்டரா என்று இல்லை. எழுதியவன் நான். கம்பெனிக் கையேட்டைப் பார்த்து மீட்டரில் எழுதியிருந்தேன். 200 மீட்டர் என்றால் 656 அடி. நம் ஊரில் போர் ஆழத்தை மீட்டரில் யார் சொல்வார்கள்? 200 அடிக்கு 2.5 போதும் என்று அவன் நினைத்தது சரிதான். அவன் அறிவுக்கு அது பிழைதிருத்தம். பேசாமல் மீளமைத்திருந்தால் அட்டவணை பழையபடி 4 காட்டும், அலகு இல்லாத தலைப்பும் அப்படியே இருந்திருக்கும். அடுத்து வருகிறவர் மறுபடி மாற்றியிருப்பார்.

அன்றிலிருந்து எங்களிடம் சில பழக்கங்கள். எண்ணை மாற்றினால் அது எப்போதும் பெரிய தொகுப்பு. எழுத்துப்பிழை, புள்ளி, இடைவெளி இவற்றுக்கு மட்டும்தான் சிறு தொகுப்பு. தாங்கள் கவனிக்கும் பக்கங்களின் மாற்றங்களைக் காட்டும் கவனிப்புப் பட்டியலில் சிறு தொகுப்புகளை மறைத்து வைத்திருப்பவர்கள் உண்டு, அவர்கள் கண்ணுக்கு அந்த மாற்றம் தெரியாமலே போய்விடும். சுருக்கத்தில் ‘அட்டவணை மாற்றம்’ என்று எழுதினால் நான் ஏற்பதில்லை. என்ன மாறியது என்பதை வேறுபாட்டுப் பக்கமே காட்டிவிடும், யார் எப்போது என்பதும் அதிலேயே இருக்கிறது. ஏன் என்பதை மனிதர்தான் எழுத வேண்டும். ‘200 அடிக்கு 4 தேவையில்லை’ என்று அவன் நான்கு வார்த்தை எழுதியிருந்தால், அன்று மாலையே யாராவது ‘அது மீட்டர்டா’ என்று சொல்லியிருப்பார்கள்.

அடுத்தவர் எழுதியதை மீளமைக்கிறவர், ஒவ்வொரு பக்கத்துக்கும் கூடவே இருக்கும் உரையாடல் பக்கத்தில் ஒரு வரியாவது எழுத வேண்டும். இது தமிழ் விக்கிப்பீடியாவில் நான் கொஞ்ச காலம் எழுதியபோது பழகியது. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. எங்களுக்கு மூன்று எதற்கு? ஒரு முறை மீளமைத்ததை இன்னொருவர் திரும்பப் போட்டால், அதற்கு மேல் யாரும் பக்கத்தைத் தொடாமல் பேச வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவில் பொதுப் பேச்சுக்கான பக்கத்தின் பெயர் ஆலமரத்தடி. எங்கள் பட்டறை வாசலில் வேம்பு நிற்பதால் வேப்பமரத்தடி என்று ஒரு பக்கம் வைத்தோம். பேசியவர் கடைசியில் நான்கு அலைக்குறி (~~~~) போட்டால் பெயரும் நேரமும் தானாக வந்துவிடும். போன் கீபோர்டில் அந்தக் குறி இரண்டாம் பக்கத்தில் ஒளிந்திருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே அதைத்தான் காட்டுகிறேன்.

சொற்களில்தான் நிறைய மனத்தாங்கல் வந்தது. கல்லூரி முடித்து வந்த ஒருவர் எல்லாப் பக்கத்திலும் கண்டென்சரை கெப்பாசிட்டர் என்று மாற்றினார். இரண்டும் ஒன்றுதான், தப்பு இல்லை, ஆனால் முப்பது வருடம் கண்டென்சர் என்று சொன்னவர் தான் எழுதிய பக்கத்தைத் தேடிக் கிடைக்காமல் திகைத்துப் போனார். ஆங்கில விக்கிப்பீடியாவில் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலில் இருக்கும் கட்டுரையைக் காரணமில்லாமல் அமெரிக்க முறைக்கு மாற்றக் கூடாது என்பார்கள். அதையே எடுத்துக்கொண்டோம். பக்கத்தைத் தொடங்கியவரின் சொல் இருக்கட்டும், மற்ற பெயரில் தேடினாலும் அங்கேயே கொண்டுபோகும் ஒரு வழிமாற்று போதும். பழையபடி மாற்றித் தந்தபோது அந்தப் பெரியவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன். அடுத்த வாரமே ‘கை பம்ப் வாசர்’ என்று ஒரு புதுப் பக்கம் எழுதினார்.

தொகுப்பு முரண்பாடு முன்பு அடிக்கடி வரும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே பத்தியைத் திறந்து சேமித்தால், இரண்டாவதாகச் சேமித்தவர் முன்னால் முழு உரையும் வந்து நிற்கும். அவசரத்தில் மற்றவர் எழுதியதை அழித்தவர்கள் உண்டு. முழுப் பக்கத்தைத் திறக்காமல் தேவையான பகுதியை மட்டும் திறக்கப் பழகிய பிறகு குறைந்தது. 2020-இல் வந்த 1.35 பதிப்பில் பார்த்தபடியே தொகுக்கும் வசதி கூடவே வந்ததால் அட்டவணை உடைவதும் குறைந்தது. அதற்கு முன் அட்டவணைக்கான குறியீட்டில் ஒரு செங்குத்துக் கோடு விட்டுப்போனால் மொத்த அட்டவணையும் சிதறிவிடும்.

குறை என்றால் தேடல். ‘கேபிள்’ என்று தேடினால் ‘கேபிளுக்கு’ என்று எழுதிய பக்கம் வராது. நம் மொழியில் வேற்றுமை உருபு சேர்ந்தே வருவதால் இது தினசரித் தொல்லை. தலைப்பில் வெறும் பெயர்ச்சொல் வைக்கச் சொல்கிறோம், அப்படியும் பாதிதான் கிடைக்கிறது.

இன்னொன்று வாட்ஸ்அப். ‘அண்ணா, அந்தப் பக்கத்துல தப்பு இருக்குங்க’ என்று படத்தோடு செய்தி வரும். முன்பு நானே திருத்திவிடுவேன். இப்போது அவரையே எழுதச் சொல்கிறேன். போரில் ஈரக்கையோடு நிற்கிறார் என்றால், அவர் சொன்னதை அப்படியே உரையாடல் பக்கத்தில் அவர் பெயரோடும் தேதியோடும் போட்டுவிட்டு, அவர் பட்டறைக்குத் திரும்பும் வரை பக்கத்தைத் தொடுவதில்லை.