‘பரதேசி’யா, ‘எரியும் பனிக்காடு’வா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் (ரப்பர்) சீவிய குடும்பங்களின் இளையவர்கள் பலர், தேயிலைத் தோட்டக் கூலிகளின் கதையான ‘எரியும் பனிக்காடு’ நாவல், அதைத் தழுவிய ‘பரதேசி’ படம் ஆகிய இரண்டில் எதில் தொடங்குவது என்று கேட்கிறார்கள்.

பாலாவின் ‘பரதேசி’க்கு (2013) விமர்சகர்கள் தந்த பாராட்டு நியாயமானது. செழியனின் ஒளிப்பதிவும், தேசிய விருது பெற்ற பூர்ணிமா ராமசாமியின் உடைகளும் அந்தக் காலத்தைக் கண்முன் நிறுத்துகின்றன. தோட்டத்திலிருந்து தப்பி ஓடிய நாயகன் ராசாவின் கால் நரம்பை அறுக்கிறார்கள். கடைசியில் அவன் காதலி அங்கம்மா குழந்தையோடு அதே தோட்டத்துக்கு வந்து சேரும்போது அவன் அலறுகிறானே, அந்த நடிப்புக்கு எந்தப் பாராட்டும் தகும்.

ஆனாலும் என் ஓட்டு நாவலுக்குத்தான். தோட்ட மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதியது, இரா. முருகவேள் தமிழாக்கினார். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கொடுக்கும் முன்பணம் எப்படிக் கடனாகி ஆளை ஆண்டுக்கணக்கில் கட்டிப்போடுகிறது, காய்ச்சல் எப்படித் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை லயம் லயமாகக் காலி செய்கிறது என்பதையெல்லாம் நிதானமாகக் காட்டுகிறார். கதை வால்பாறைப் பக்கத்துத் தேயிலைக் காடு என்றாலும், கங்காணி முறையில் மலாயாவுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது அந்நியமாக இருக்காது.

படத்தில் மருத்துவர் வந்ததும் ஆட்டமும் பாட்டுமாகிவிடுகிறது. அது எனக்கு ஒட்டவே இல்லை. நாவலின் மருத்துவரோ நோயோடும் நிர்வாகத்தோடும் மல்லுக்கட்டுகிறார்.

வாசிக்க முடியாத தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால், சரி, அவர்களோடு உட்கார்ந்து முதலில் படத்தைப் பாருங்கள்.