கடைவாயில் டைட்டானியத் திருகு: பத்து வருட அனுபவம்

2015 ஏப்ரலில் கீழ்த்தாடை வலப்பக்கம் ஒரு கடைவாய்ப் பல்லுக்குப் பதிலாக இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்புக்குள் இறக்கும் டைட்டானியத் திருகு, வைத்தேன். எலும்பு திருகைப் பிடித்துக்கொள்ள நாலு மாதம். ஆகஸ்டில் மேலே செராமிக் கேப். அன்றிலிருந்து முறுக்கு, வறுத்த கடலை எல்லாம் அந்தப் பக்கம்தான். மெல்லுவதில் குறையே இல்லை. ஆனால் அதைச் சுற்றியிருக்கிற எலும்புக்கும் ஈறுக்கும் என்ன ஆகும் என்று வைப்பதற்கு முன்னால் யாரும் சொல்லவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

ஒரு வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, பேனா முனையால் திருகின் மரைகளை எண்ணினார். "ஒரு மரை வெளிய வந்திருக்கு சார், பயப்படாதீங்க." முதல் வருடத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு எலும்பு இறங்குவது சகஜமாம். அதன் பிறகு வருடத்துக்கு 0.2 மில்லிமீட்டருக்குள் நின்றால் நல்லது என்பது 1986-இல் வகுத்த கணக்கு. சரி என்று நிம்மதியாக வந்துவிட்டேன். அதோடு மூன்று வருடம் அந்தப் பக்கமே போகவில்லை.

2019-இல் பல் துலக்கினால் அந்த இடத்தில் மட்டும் ரத்தம். வலி துளியும் இல்லை, அதனால் ஆறு மாதம் ஓட்டிவிட்டேன். பெரிய தப்பு. சொந்தப் பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே நரம்போடு கூடிய மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது. இம்ப்ளான்ட்டுக்கு அது கிடையாது. ஈறின் நார்களும் சொந்தப் பல்லின் வேருக்குள் புகுந்து பிடிப்பதுபோல டைட்டானியத்தில் பிடிப்பதில்லை, பக்கத்தில் சாய்ந்து நிற்கின்றன, அவ்வளவுதான். அழுக்கும் கிருமியும் உள்ளே இறங்கத் தடுப்பு குறைவு.

ஊர் மாறியிருந்ததால் வேறு டாக்டர். மெல்லிய அளவுக்கம்பியை ஈறுக்குள் விட்டார், 6 மில்லிமீட்டர் இறங்கியது. பழைய எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேட்டார். நல்லவேளை, ரேஷன் கார்டு இருக்கும் ஃபைலிலேயே வைத்திருந்தேன். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இன்னும் இரண்டு மரை எலும்புக்கு வெளியே வந்திருந்தது. ஈறு வீக்கத்தோடு நின்றால் மியூகோசைட்டிஸ், சுத்தம் செய்தால் பழையபடி ஆகிவிடும். எலும்பும் கரைய ஆரம்பித்தால் பெரி-இம்ப்ளான்டைட்டிஸ். எனக்கு இரண்டாவது.

சுத்தம் செய்யும்போது ஈறுக்கு அடியிலிருந்து குருணை அரிசி அளவில் வெள்ளையாக ஒன்று வந்தது. கேப் ஒட்டின சிமென்ட்! நாலு வருடமாக அங்கேயே இருந்திருக்கிறது. ஒட்டினவர் துடைக்காமல் விட்டதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான். மூன்று வருடம் போகாமல் இருந்தது நான், என் சர்க்கரையும் அப்போது கட்டுக்குள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு மாதத்தில் ரத்தம் நின்றது. போன எலும்பு வரவில்லை. வீக்கம் வடிந்ததும் ஈறும் கீழிறங்கி, கேப்புக்கு அடியில் சாம்பல் நிறத்தில் உலோகக் கோடு தெரிகிறது. வெளியே யாருக்கும் தெரியாது, நாக்குக்குத் தெரியும். முருங்கைக்காய் நார் அங்கே கச்சிதமாகப் போய் உட்காரும். இரவில் பல்லிடுக்குப் பிரஷ் போடாமல் படுப்பதில்லை. உள்ளே இருக்கும் கம்பிக்கு பிளாஸ்டிக் பூச்சு உள்ளதாகப் பார்த்து வாங்குகிறேன், டைட்டானியத்தில் கீறல் விழக்கூடாது என்பதற்காக. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளீனிங், வருடம் ஒரு எக்ஸ்ரே. 2019-இல் நின்ற மரையிலேயே எலும்பு இன்னும் நிற்கிறது.

அடுத்த மாதம் என் மச்சான் இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளப் போகிறார். கேப்பை சிமென்ட் வைத்து ஒட்டுவார்களா, ஸ்க்ரூ போட்டு முடுக்குவார்களா என்று முதலில் கேட்கச் சொன்னேன். கேப் மாட்டின அன்றைக்கு எடுக்கும் எக்ஸ்ரேயைக் கையோடு வாங்கி, போனில் படம் பிடித்து எனக்கும் ஒன்று அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.