உலாவியில் லிப்பி: கணினியில் நூலக மின்னூல் படிப்போருக்கு

நூலக மின்னூல்களை இரவல் தரும், ஓவர்டிரைவ் நிறுவனத்தின் லிப்பியைப் (Libby) பெரும்பாலோர் கைப்பேசிச் செயலியாக மட்டுமே அறிந்திருப்பார்கள். எதையும் நிறுவாமல், குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவியில் திறந்தும் நூலக மின்னூல்களைப் படிக்கலாம் என்பது மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களுக்கு மிகவும் பொருந்தி வருகிறது. இங்குப் பல வீடுகளில் ஒரே மடிக்கணினியைப் பிள்ளைகளும் பெரியவர்களும் மாறி மாறிப் பயன்படுத்துகிறார்கள். கைப்பேசியிலோ வாட்ஸ்அப் படங்கள் நிறைந்து, புதிய செயலிக்கு இடமே இருப்பதில்லை.

லிப்பியில் இணைந்துள்ள நூலகம் ஒன்றின் உறுப்பினர் எண்ணும் கடவுச்சொல்லும் இருந்தால் போதும். முன்பு இரவல் மின்னூலைக் கணினியில் திறக்க அடோபியின் தனி மென்பொருளை நிறுவி, அதற்கென ஒரு கணக்கும் தொடங்க வேண்டியிருந்தது. 2012இல் உலாவியிலேயே படிக்கும் வசதியை ஓவர்டிரைவ் கொண்டுவந்தபோது அந்தத் தொல்லை நீங்கியது. 2017இல் வந்த லிப்பி அதை இன்னும் எளிதாக்கியது.

லிப்பியில் படிக்கும் இபப் (EPUB) வகை மின்னூல் இணையப் பக்கத்தைப் போலவே எச்டிஎம்எல் மொழியில் அமைந்தது என்பதால், எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரையின் அகலத்துக்கு ஏற்பத் தாமே மடங்கிக்கொள்கின்றன. கண்ணாடி இல்லாமல் ஒரு வரியும் படிக்க இயலாத என் போன்றோருக்கு இதன் அருமை தெரியும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய பழைய நூல்கள் பல கிடைக்கின்றன என்றாலும், அவை வருடி எடுத்த பக்கப் படங்கள் என்பதால், பெரிதாக்கிய பின் பக்கத்தை இடமும் வலமுமாக நகர்த்தியே படிக்க வேண்டும். லிப்பியில் அம்புக்குறி விசையைத் தட்டினால் பக்கம் புரளும். பின்னணியை மங்கலாகவோ கருமையாகவோ மாற்றிக்கொள்ளலாம். கெடு முடிந்ததும் நூல் தானே திரும்பிவிடுவதால் அபராதத்துக்கு வழியில்லை.

மின்னூலுக்கு ஏன் காத்திருப்போர் வரிசை என்று சிலர் கேட்பதுண்டு. பதிப்பகங்கள் பெரும்பாலும் மின்னூலை நூலகத்துக்கு விற்பதில்லை, உரிமம் மட்டுமே தருகின்றன. பல உரிமங்களின்படி ஒரு படியை ஒரே நேரத்தில் ஒருவர்தான் படிக்க முடியும். இதற்கு லிப்பியைக் குறை சொல்லிப் பயனில்லை.

உலாவி வடிவத்தின் உண்மையான குறை வேறு. கைப்பேசிச் செயலியில் நூலை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொண்டு, இணையம் இல்லாத இடத்திலும் படிக்கலாம். உலாவியில் அதற்கு வழியில்லை. மழை வலுத்தால் தொடர்பு தடுமாறும் செம்பனைத் தோட்டப் பகுதிகளில் இது சிறிய குறையன்று. மேலும், உங்கள் நூலக அட்டை விவரங்களை லிப்பி அந்த உலாவிக்குள்ளேயே நினைவில் வைத்திருப்பதால், யாரேனும் உலாவியின் தரவுகளை அழித்துவிட்டால் (விளையாட்டு வேகமாக ஓட வேண்டும் என்பதற்காகவே இதைச் செய்யும் பையன்கள் எல்லா வீட்டிலும் உண்டு) அடுத்த முறை புதியவரைப் போலத் தொடங்க வேண்டியிருக்கும். இரவல் நூல்கள் நூலகக் கணக்கில் இருப்பதால், அட்டை எண்ணை மீண்டும் இட்டால் அவை மறுபடியும் தெரியும். நாடி (NADI) எனும் அரசு இணைய மையம் போன்ற பொது இடத்துக் கணினியில் படிப்பவர்கள் எழுந்து செல்லுமுன் அட்டையை லிப்பியிலிருந்து நீக்கிவிட வேண்டும்; இல்லையேல் அடுத்து அமர்பவர் உங்கள் பெயரிலேயே நூல் எடுக்கலாம்.

தமிழ் நூல்கள் எத்தனை கிடைக்கும் என்பது முழுக்க முழுக்க அந்தந்த நூலகம் என்ன வாங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. நான் உறுப்பினராக உள்ள நூலகத்தில் ஆங்கில நாவல்கள் குவிந்திருக்க, தமிழுக்குத் தேடினால் கிடைப்பது சொற்பம். ஆகவே ஆங்கில நூல்களுக்காகவும், எஸ்.பி.எம். என்னும் இடைநிலைப் பள்ளித் தேர்வை எழுதும் மாணவர்களின் ஆங்கில வாசிப்புக்காகவும் உலாவி லிப்பியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பழந்தமிழ் இலக்கியம் தேடுவோர் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்துக்குச் செல்வதே மேல், அங்கு அட்டையும் வேண்டாம், கெடுவும் இல்லை.