ஒரே பெட்டிக்குள் பேச லூப்பேக்கா, யுனிக்ஸ் சாக்கெட்டா?

தோவாளைப் பூச்சந்தையில் விடியும் முன்பே வியாபாரம் சூடுபிடித்துவிடும். ஓணம் நெருங்கினால் கேரளத்துக்குப் பூ ஏற்றுகிறவர்கள் கூட்டம் இன்னும் கூடும். அங்கே ஒரு மொத்தக் கடைக்கு பில் போடும் மென்பொருளை நான் பார்த்துக்கொள்கிறேன். பின்னறையில் ஒரே ஒரு லினக்ஸ் பெட்டி. வலைக் கோரிக்கைகளை வாங்கும் என்ஜின்எக்ஸ், பில் நிரலை ஓட்டும் பிஎச்பி, தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ், அன்றைய விலையை வைத்திருக்கும் ரெடிஸ் எல்லாம் அதற்குள்தான். இவை தங்களுக்குள் பேச இரண்டு வழி: பெட்டி தன்னையே அழைக்கும் 127.0.0.1 என்ற லூப்பேக் முகவரியில், டிசிபி என்ற நெட்வொர்க் நெறிமுறை வழியே பேசுவது; அல்லது கோப்பு மாதிரி ஒரு பாதை கொண்ட யுனிக்ஸ் சாக்கெட்.

ஓணத்துக்கு முந்தைய வாரம் ஒரு நாள் அதிகாலையில் கடைக்கார அண்ணன் போன் செய்தார். "தம்பி, பில்லு வரல்லியே, வண்டி நிக்குது." உள்ளே நுழைந்து, இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையை ஓட்டினேன். திரை நிறைய ஒரே மாதிரி வரிகள்: 127.0.0.1-இலிருந்து 127.0.0.1-இன் 6379-க்கு (ரெடிஸின் போர்ட் எண்), நிலை டைம்-வெயிட், அதாவது மூடிய பிறகும் சிறிது நேரம் காத்திருக்கும் நிலை. பழைய பில்களை மறுகணக்கிட நான் எழுதிய நிரல், ஒவ்வொரு வரிக்கும் ரெடிஸுக்குப் புது இணைப்பு திறந்து மூடிக்கொண்டிருந்தது.

கணக்கு எளிது. ஒவ்வொரு புது இணைப்புக்கும் அழைக்கும் பக்கத்தில் ஒரு தற்காலிக போர்ட் எண் வேண்டும். லினக்ஸ் அவற்றை இயல்பாக 32768 முதல் 60999 வரை எடுக்கிறது, மொத்தம் 28,232. முதலில் மூடிய பக்கம் 60 விநாடி டைம்-வெயிட்டில் காத்திருக்கும், அதுவரை அந்தப் போர்ட் விடுபடாது. ஒரே சேவைக்கு விநாடிக்கு 470 இணைப்புக்கு மேல் தொடர்ந்து போனால் போர்ட் தீர்ந்துவிடும். லினக்ஸின் மையநிரலான கெர்னலின் 4.19 பதிப்பு முதல் லூப்பேக்குக்கு மட்டும் டைம்-வெயிட் போர்ட்டை மறுபடி எடுத்துக்கொள்ளும் வசதி இயல்பாகவே இருக்கிறது. அந்தப் பெட்டியில் இருந்ததோ 4.15.

லூப்பேக்கில் பாக்கெட் நெட்வொர்க் கார்டைத் தொடுவதில்லை. பிழை சரிபார்க்கும் செக்சம் கணக்கும் கிடையாது, ஒரு பாக்கெட்டின் உச்ச அளவான எம்டியூ 65,536 பைட். ஆனாலும் அது முழு டிசிபிதான். இணைப்பைத் தொடங்கும் மும்முறை கைகுலுக்கல், வரிசை எண், ஏசிகே என்ற பெற்றுக்கொண்ட ஒப்புகை, டைமர், ஃபயர்வால் விதிகள் எல்லாவற்றையும் கடந்துதான் தரவு வரும். அடுக்களையிலிருந்து முற்றத்துக்கு வர, தெருவைச் சுற்றி வருவது போல.

யுனிக்ஸ் சாக்கெட்டில் இந்தச் சுற்று இல்லை. அனுப்புகிறவர் எழுதியதை கெர்னல் நேராகப் பெறுகிறவரின் வரிசையில் போட்டுவிடுகிறது. போர்ட்டே இல்லாததால் போர்ட் தீராது, டைம்-வெயிட்டும் இல்லை. லூப்பேக்கை விட சுமார் 50 சதவீதம் கூடுதல் வேகம் கிடைக்கலாம் என்று ரெடிஸ் ஆவணமே சொல்கிறது. கட்டளைகளை மொத்தமாகச் சேர்த்து அனுப்பினால் அந்த லாபம் குறையும் என்றும் அதே இடத்தில் சொல்கிறது. இந்த இரண்டாவது வரியைப் பலர் படிப்பதில்லை. இணைப்பைத் திறந்தே வைத்திருந்து, கட்டளைகளையும் சேர்த்து அனுப்புகிறவருக்கு லூப்பேக்கும் போதும். முதலில் திருத்த வேண்டியது நிரலை, அப்புறம்தான் சாக்கெட்டை.

நெரிசல் வரும்போது இரண்டும் நடந்துகொள்ளும் விதத்தையும் பார்க்க வேண்டும். டிசிபியில் காத்திருப்பு வரிசை நிரம்பினால் புது இணைப்புக் கோரிக்கை சத்தமில்லாமல் விழுந்துவிடும். ஒரு விநாடி கழித்து மறுபடி முயலும். பயனருக்கு அது தாமதமாகத் தெரியும். யுனிக்ஸ் சாக்கெட்டில், என்ஜின்எக்ஸ் மாதிரி காத்திருக்காமல் இணைகிறவருக்கு உடனே பிழை வரும்; திரையில் 502 என்ற சர்வர் பிழை. இதைப் பார்த்துவிட்டு சாக்கெட் மோசம் என்று டிசிபிக்குத் திரும்பியவர்கள் உண்டு. எனக்கு அந்த உடனடிப் பிழைதான் பிடிக்கும், கோளாறு எங்கே என்று அது காட்டிக்கொடுக்கிறது. வரிசையின் உச்சவரம்பு பழைய கெர்னல்களில் 128, 5.4 முதல் 4096. அதையும் பிஎச்பி அமைப்பில் உள்ள வரிசை அளவையும் சேர்த்தே உயர்த்த வேண்டும்.

சாக்கெட்டில் சின்னத் தொல்லைகளும் உண்டு. அது ஒரு கோப்பு என்பதால் அனுமதி சரியாக இருக்க வேண்டும். பாதை 108 பைட்டுக்குள் அடங்க வேண்டும். நிரலைத் தனிமைப்படுத்தும் கண்டெய்னருக்குள் ஓடினால் சாக்கெட் இருக்கும் அடைவையும் பகிர வேண்டும். இன்னொரு குழப்பம்: யுனிக்ஸில் மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தின் கிளையன்ட்டுக்கு 'லோக்கல்ஹோஸ்ட்' என்று கொடுத்தால் சாக்கெட் வழியே போகும், போஸ்ட்கிரெஸுக்கு அதையே கொடுத்தால் டிசிபி வழியே போகும். சாக்கெட்டில் ஓடுவதாக நம்பிக்கொண்டு மாதக்கணக்கில் டிசிபியில் ஓடுகிற தளங்கள் இதனால்தான்.

டிசிபியைக் கெர்னலுக்குள்ளேயே குறுக்குவழியில் விடும் முயற்சிகளும் நடந்தன. இரு முனையும் ஒரே பெட்டியில் இருந்தால் நேராகக் கைமாற்றும் நிரல் திருத்தம் (பேட்ச்) ஒன்று 2012-இல் லினக்ஸுக்கு முன்வைக்கப்பட்டது, சேர்க்கப்படவில்லை. கெர்னல் 4.14-இல் வந்த சாக்மேப், கெர்னலுக்குள் சிறு நிரல்களை ஓட்டும் இபிபிஎஃப் மூலம் அதற்கு நெருங்கியதைச் செய்கிறது. விண்டோஸ் 8-இல் வந்த லூப்பேக் வேகப்பாதையை இப்போது மைக்ரோசாஃப்டே பரிந்துரைப்பதில்லை. விண்டோஸ் 10-இலேயே யுனிக்ஸ் சாக்கெட் வந்துவிட்டது. ஒரு கடையின் பெட்டிக்கு சாக்மேப் வரை போகத் தேவையில்லை.

அன்று காலை நிரலை நிறுத்தியதும் ஒரு நிமிடத்தில் பில் வந்தது. இப்போது அந்த நிரல் ஒரே இணைப்பைத் திறந்து கடைசி வரை வைத்திருக்கிறது. ரெடிஸும் பிஎச்பியும் சாக்கெட்டுக்கு மாறிவிட்டன. போஸ்ட்கிரெஸை மட்டும் 127.0.0.1-லேயே விட்டிருக்கிறேன். அண்ணன் வடசேரியில் இரண்டாவது கடைக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார். அது திறந்ததும் தரவுத்தளம் தனிப் பெட்டிக்குப் போகும், அப்போது ஒரு முகவரியை மாற்றினால் போதும்.