கேமராவா, எதிர்வீட்டு அக்காவா?

ஊருக்குப் போகும்போது வீட்டுக்கு எது காவல்? ‘மூன்றாவது கண்’ என்று சொல்லி சென்னைக் காவல்துறை தெருத்தெருவாகக் கேமரா வைக்கச் செய்தது. திருடன் போன வழியைத் தேடிப் பிடிக்க அது பெரிய உதவி, சரி. ஆனால் வாசலில் மூன்று நாள் பேப்பர் கிடந்தால் கேமரா எடுத்து வைக்காது.

எதிர்வீட்டு அக்கா எடுத்து வைப்பார். காலையில் நம் வாசலிலும் தண்ணீர் தெளித்து சின்னதாக ஒரு கோலம் போடுவார், பொழுது சாய்ந்ததும் வெளி விளக்கைப் போடுவார். பூட்டிய வீடு என்றே தெரியாது. புது ஆள் கேட் பக்கம் நின்றால், “யாரு வேணும் தம்பி?” நோட்டம் பார்க்க வந்தவன் அந்தக் கேள்விக்கே நகர்ந்துவிடுவான்.

என்னைக் கேட்டால் முதலில் அக்கா, அப்புறம்தான் கேமரா. கிளம்பும் முன் காவல் நிலையத்திலும் சொல்லிவிடுங்கள். ரோந்து வரும்போது ஒரு பார்வை பார்ப்பார்கள்.